கோட்டைக்காரரைத் திருப்பி நிறுத்தியவன்

ஓசூரிலிருந்து எல்லைக்குப் போகிற சாலையில், தொழிற்பேட்டை முடிகிற இடத்தில் ஒரு முக்கூட்டு ரோடு இருக்கிறது. அங்கே பீடத்தின் மேல் வாளைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நிற்கிறாரே, அவரை அங்கே நிறுத்தி நட்டு முறுக்கியவன் நான். நான்கு போல்ட், போல்ட்டுக்கு இரண்டாக எட்டு நட்டு. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் ஒரு நூல் அசையவில்லை. வேலை சுத்தமான வேலை. அதில் என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

மற்றதில் சொல்லலாம். அப்போது என் அக்கா எல்லைக்கு அந்தாண்ட, அத்திபெலேயைத் தாண்டி ஒரு கிராமத்தில் குடியிருந்தாள். அங்கே அவளுக்கு ஒரு வீடு, ராகி அரைக்கிற ஒரு மில், ஒரு புருஷன். இந்த மூன்றும் அவளுக்கு நிலைக்குமா நிலைக்காதா என்பதுதான் அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே கவலை. சிலையைப் பற்றி நான் சொல்லப்போவதெல்லாம் அதற்காகத்தான்.

சிலையாக நிற்பவர் பழைய காலத்தில் இந்தச் சீமைக்கு அதிகாரியாக இருந்தவராம். மைசூர் ராஜாங்கம் அவரை இங்கே கோட்டையில் வைத்திருந்தது. வெள்ளைக்காரன் படை வந்து கோட்டையைக் கொடு என்று கேட்டபோது, கொடுக்க முடியாது போடா என்று நின்றவர். எத்தனை நாள் நின்றார், எப்படிச் செத்தார் என்பதில் சிலைக் கமிட்டிக்காரர்களுக்குள்ளேயே மூன்று கதை இருந்தது. அவர் வீட்டில் என்ன மொழி பேசினார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றாத வரைக்கும் ஊர் நன்றாகத்தான் இருந்தது. ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் கோட்டைக்காரர்.

எங்கள் வீட்டிலேயே பாருங்கள். நாங்கள் சிங்காரப்பேட்டைப் பக்கம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். அக்காவைக் கட்டிக்கொடுத்த இடத்தில் வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் கன்னடம். நடுவில் ஒரு செக்போஸ்ட். சம்பந்தம் பேசிய அன்று மாப்பிள்ளை எந்த மாநிலம் என்று எங்கள் அப்பா விசாரிக்கவே இல்லை. மில் சொந்தமா வாடகையா என்றுதான் கேட்டார். மாமா ஒல்லியான மனுஷர், கண் இமையெல்லாம் மாவு, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அவருக்குத் தமிழ் வரும். ஆனால் இரண்டாவது வார்த்தையிலேயே கன்னட வாடை அடிக்கும். அதை வைத்து நான் அவரைக் கிண்டல் செய்வேன், அவர் என் சிங்காரப்பேட்டைத் தெலுங்கை வைத்து என்னைக் கிழிப்பார்.

நான் அப்போது தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். எண்பதுகள் முடிகிற சமயம். சிலை வைக்கிறோம், இரும்பும் ஆளும் கொடுங்கள் என்று கமிட்டிக்காரர்கள் கேட்டார்கள். கம்பெனி சிலைக்கு அடியில் வைக்கிற இரும்பு பேஸ் பிளேட் ஒன்றையும் என்னையும் கொடுத்தது. சிலை சேலம் பக்கமிருந்து லாரியில் வைக்கோல் மெத்தையில் படுத்துக்கொண்டு வந்தது. உள்ளே கம்பி, வெளியே சிமெண்ட், மேலே வெண்கல நிறத்தில் பெயிண்ட். செய்த ஆள் ஆயுள் முழுக்க முனியப்பன் சிலை செய்தவராம். அவர் கைக்கு வேறு எது வரும்? கோழிமுட்டை அளவுக்குக் கண், காதுவரைக்கும் மீசை, ஓங்கிய கையில் வாள். கடைவாயில் பல் மட்டும்தான் இல்லை. கமிட்டியின் செயலாளர் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். அவர் லாரியில் ஏறிப் பார்த்துவிட்டு, "வீரம்னா இப்படித்தானே இருக்கணும்" என்று யாரும் கேட்காமலேயே சமாதானம் சொன்னார்.

சிலை கிழக்கே ஓசூரைப் பார்த்து நிற்க வேண்டும் என்று பிளான். கிழக்கே, ரோட்டுக்கு எதிர்ப்புறம், நாங்கள் குடியிருந்த லைன் வீடுகள். பதினாறு கதவு, ஒரே கூரை. என் அறையிலிருந்து இரண்டு கதவு தள்ளி ஓர் அம்மா இருந்தார். காலமெல்லாம் வயல் கூலி, அப்புறம் கட்டட வேலையில் சித்தாள். பீடத்துக்குக் கலவை சுமந்ததும் அவர்தான். நான் போல்ட்டில் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். அவர் கலவைப் பாண்டைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்.

"ஏம்ப்பா ஃபிட்டரு, இவரு மூஞ்சி எந்தப் பக்கம் வருது?"

"கெழக்கே."

"கெழக்க எங்கூடு இருக்குதுப்பா. வாசப்படிக்கு நேரா. இந்தக் கண்ண வெச்சிக்கிட்டு, கத்தியும் தூக்கிக்கிட்டு, ராவும் பகலும் பாத்தா ஊடு தங்குமா? மருமவ முழுவாம இருக்கறா."

"இது சாமி இல்லம்மா. பழைய காலத்து அதிகாரி."

"அதிகாரின்னா இன்னும் மோசமாச்சேப்பா!"

சிரித்துவிட்டேன். ஆனால் கை நின்றுவிட்டது. ஏனென்றால் அவர் சொன்னது எனக்குத் தெரிந்த கணக்குத்தான். எங்கள் ஊர்ப் பக்கம் வேடியப்பன் கோயிலுக்கு நேர் எதிரே எவனும் வாசல் வைக்க மாட்டான். காவல் காக்கிறவர் ஊருக்கு முதுகைக் காட்டி, எல்லைக்கு வெளியே பார்க்க வேண்டும். அதுதான் முறை. உக்கிரமான பார்வை குடும்பத்தின் மேல் விழுந்தால் அந்தக் குடும்பம் விளங்காது. இதையெல்லாம் நான் நம்பினேனா என்று கேட்டால், ஐ.டி.ஐ. படித்தவன் நான், நம்பவில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த லைனில் என் கதவும் இருந்தது.

போல்ட் நான்கும் சதுரமாகப் பதித்தவை. எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் பேஸ் பிளேட் ஓட்டையில் சரியாக உட்காரும். கம்பெனி கிரேன் மத்தியானச் சாப்பாட்டு நேரம் மட்டும்தான் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் கம்பெனி எஞ்சினியர் யாரையோ வரவேற்கப் போயிருந்தார். சிலை சங்கிலியில் தொங்கியபோது நான் கயிற்றைப் பிடித்து அரைச் சுற்று சுற்றினேன். "மேற்கயா வெக்கறே?" என்று கிரேன்காரர் மேலிருந்து கேட்டார். "ஆமா, இறக்கு" என்றேன். இறக்கினார். எட்டு நட்டையும் முறுக்கிவிட்டுக் கை கழுவினேன். லைன் வீடுகளுக்கு முதுகு, எல்லைக்கு முகம். அந்த அம்மா ஈரக் கையை எடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் எஞ்சினியர் பார்த்துவிட்டுத் தாம் தூம் என்று குதித்தார். என்னைக் காப்பாற்றியது வாத்தியார்தான். "சார், வெள்ளைக்காரன் படை பெங்களூர்ப் பக்கமிருந்துதானே வந்தது? வந்த திசையைப் பாத்துத்தான் நிக்கிறார். இதுதான் பொருத்தம்!" என்றார். கிரேனும் மறுபடி கிடைக்கவில்லை. விழாப் பந்தலைப் பிரித்து மேற்குப் பக்கம் போட்டார்கள், கல்வெட்டையும் அந்தப் பக்கமே பதித்தார்கள். திறப்பு விழாவில் பேசியவர்கள் அத்தனை பேரும், எல்லையைப் பார்த்து நிற்கும் வீரர், எல்லையைப் பார்த்து நிற்கும் வீரர் என்று தொண்டை கட்டக் கத்தினார்கள். நான் ஓரமாக நின்று பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் யார் வீட்டு வாசல் இருக்கிறது என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை. என்ன மண்டை என்னுடையது!

அந்த அம்மாவின் மருமகளுக்குச் சுகப்பிரசவம் ஆனது. அவ்வளவுதான், கோட்டைக்காரர் சாமியாகிவிட்டார். எலுமிச்சம்பழ மாலை வந்தது, பீடத்தில் குங்குமம் வந்தது, ஆடிக்கு ஒரு சேவல் வந்தது. வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டாவது மழைக்காலத்தில் வாள் பிடித்த மணிக்கட்டில் சிமெண்ட் வெடித்து உள்கம்பி துருப்பிடித்தது. துரு தண்ணீரோடு முழங்கை வரை இறங்கி அங்கேயே காய்ந்தது. கிழக்கிலிருந்து பார்த்தால் தெரியாது. எல்லைப் பக்கமிருந்து வருகிறவனுக்கு முதலில் தெரிவது அந்தக் கைதான். பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். அடித்தார்கள். அடுத்த மழையில் பெயிண்ட்டை மீறிக்கொண்டு வந்தது.

முக்கூட்டு டீக்கடையில் ஒருநாள் அந்தப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே சிலையைப் பார்த்து, "யார மேலே கத்தி எத்தித்தானே இவனு?" என்று கேட்டார். யார் மேல் கத்தி ஓங்குகிறான் இவன் என்று. சும்மாதான் கேட்டார், முகத்தில் சிரிப்புகூட இருந்தது. கடைக்காரரும் சிரித்து, "வெள்ளைக்காரன் மேலேங்க" என்றார். "வெள்ளைக்காரனு எல்லித்தானே இல்லி? நாவே இரோது" என்று சொல்லிவிட்டு டிரைவர் கிளாஸை வைத்துவிட்டுப் போனார். இங்கே வெள்ளைக்காரன் எங்கே இருக்கிறான், நாங்கள்தானே இருக்கிறோம். நான் பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டு எழுந்தேன்.

பொங்கலுக்கு வந்த அக்காவும் அதையே சொன்னாள். எங்களுக்குள் பேச்சு தெலுங்கில்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன். "ஒங்கூரு சாமி எதுக்குடா எங்களப் பாத்துக் கத்தி தூக்கிக்கிட்டு நிக்குதுன்னு மில்லுக்கு வர்றவங்கள்லாம் கேக்கறாங்க. நான் என்னத்தச் சொல்ல?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பக்கத்தில் மாமா பொங்கலை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டே, "நம்ம மில்லுச் சத்தம் அவருக்குத் தூக்கம் கெடுக்குது போல" என்றார். நானும் சிரித்தேன். நான்தான் திருப்பினேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம்.

பிறகு ஆற்றுத் தண்ணீர்த் தகராறு கிளம்பியது. அது பெரிய இடத்துச் சண்டை, பேப்பரில் எல்லாம் வந்தது. நான் சொல்வது எங்கள் முக்கூட்டு அளவுக்குத்தான். முதலில் அந்தப் பக்கத்து பஸ் நின்றது. அப்புறம் இந்தப் பக்கத்து பஸ். லாரிகள் நம்பர் பிளேட்டில் சாக்கு கட்டிக்கொண்டு போயின. ஷிப்டில் அந்தப் பக்கமிருந்து வரும் ஏழெட்டுப் பேர் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. அவர்களுடைய டிபன் கேரியர் வைக்கிற பலகை காலியாக இருந்தது. யாரும் அங்கே தங்கள் கேரியரை வைக்கவில்லை.

சாயங்காலம் ஆனால் சிலையடியில் கூட்டம். மாலை போடுவார்கள், ஒருவன் பீடத்தில் ஏறிப் பேசுவான், "கோட்டைக்காரர் பாத்துக்கிட்டிருக்கறாரு, எல்லை தாண்டி எவனும் வர முடியாது" என்பான். கீழே இருப்பவர்கள் ஓவென்று கத்துவார்கள். வெள்ளைக்காரன் என்ற வார்த்தையே அந்தப் பேச்சிலிருந்து காணாமல் போய்விட்டது. மாலை போட்ட கழுத்துக்கு மேலே அந்தக் கண் இரண்டும் அக்கா ஊர் இருக்கிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

வாத்தியாரிடம் ஓடினேன். சிலையை முன்னே போட்ட பிளான்படி கிழக்கே திருப்பிவிடலாம் என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பதில் சொன்னார். "இப்பத் திருப்பினா பயந்துட்டோம்னு ஆவும். திருப்புனவன உசுரோட உட மாட்டாங்க. நானும் ராத்திரி தூங்கறதில்லப்பா. வாய வெச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம் நானு." நான் சொல்ல வேண்டிய வார்த்தையை அவர் சொல்லிவிட்டார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. நட்டுகளைத் தளர்த்திவிட்டு, சிலை ஆடுகிறது, ஆபத்து என்று எஞ்சினியரிடம் சொன்னால் கிரேன் வரும். கிரேன் வந்தால் கயிறு என் கையில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயிலில் ஈ காக்கை இல்லாத நேரமாகப் பார்த்து, பெரிய ஸ்பேனரும் ஒரு குழாயும் எடுத்துக்கொண்டு பீடத்தில் ஏறினேன். முதல் நட்டு கிறீச்சென்று இளகியது. இரண்டாவதற்குக் குழாயை மாட்டும்போது ஒரு டெம்போ வந்து நின்றது. மாலையும் கொடியுமாகப் பத்துப் பதினைந்து பேர் குதித்தார்கள்.

"டேய், என்னடா பண்றே சாமிய?"

"செலையக் கழட்டறான்டா! எவன்கிட்டக் காசு வாங்கினே, சொல்றா!"

என் சட்டையைப் பிடித்து ஒருவன் இழுத்தான். அந்த நேரம் ரோட்டுக்கு எதிர்ப்புறமிருந்து அந்தச் சித்தாள் அம்மா குடத்தோடு ஓடி வந்தார். "உடுங்கப்பா! நட்டு ஆடுதுன்னு நாந்தான் சொன்னேன். முறுக்க வந்த மனுசன போயி!" என்று சத்தம் போட்டார். கூட்டத்தில் மூன்று பேர் எங்கள் கம்பெனி. ஒருவர் என் செக்சன், தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். "அட, நம்மாளுடா! செலைய நிறுத்துனதே இவருதான்!" என்று அவர் கத்தியதும் சட்டையை விட்டார்கள்.

"அப்ப முறுக்கு, பாக்கலாம்."

முறுக்கினேன். இளக்கிய நட்டை முறுக்கினேன், மற்ற ஏழையும் முறுக்கினேன். என் செக்சன்காரரும் மற்ற இருவரும் பீடத்தில் ஏறி, என்னோடு சேர்ந்து குழாயில் தொங்கி அழுத்தினார்கள். ஒவ்வொரு நட்டுக்கும் கீழே கைதட்டல். முடிந்ததும் கோட்டைக்காரருக்குக் கொண்டுவந்த மாலைகளில் ஒன்றை என் கழுத்தில் போட்டார்கள். அதைக் கழற்றுகிற தைரியம்கூட எனக்கு இல்லை, அறை வரைக்கும் போட்டுக்கொண்டே போனேன்.

மூன்றாம் நாள் அக்கா வந்தாள். அவர்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரன் ஆள் கூட்டி வந்து, தமிழ்நாட்டுப் பெண்ணை வைத்துக்கொண்டு இங்கே மில் ஓட்டக் கூடாது, மூடு என்று சொல்லியிருக்கிறான். வெகுநாளாக அந்த மில் மேல் அவனுக்கு ஒரு கண். மாமா அக்காவைச் செக்போஸ்ட் வரை நடத்திக் கூட்டி வந்து, போலீஸ் கட்டைக்கு மேலே பெட்டியைத் தூக்கி என்னிடம் கொடுத்தார். "நீங்களும் வந்துடுங்க மாமா" என்றேன். "மில்லு விட்டு எப்படி வர்றது? பூட்டு போட்டா ஒடைப்பாங்க. நான் உள்ள இருந்தா ஒடைக்க மாட்டாங்க" என்றார். அப்போதும் சிரித்தார், ஆனால் இமையில் மாவு இல்லை.

சிங்காரப்பேட்டைக்குப் போ என்றால் அக்கா கேட்கவில்லை. எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால்தான் சேதி தெரியும் என்று என் அறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சோறு வைத்தால் தட்டு அப்படியே இருக்கும். யாராவது மேற்கேயிருந்து நடந்து வந்தால் வாசலுக்கு ஓடுவாள். நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் காட்டு வழியாகக் கீரைக்கட்டு கொண்டுவருகிற ஆளிடம் சேதி சொல்லி அனுப்பினேன். "இங்க ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஒரு எட்டு வந்து அக்காவப் பாத்துட்டுப் போகச் சொல்லு." அப்படித்தான் சொன்னேன். சத்தமாக, நிம்மதியாகச் சொன்னேன். சாயங்காலம் கத்துகிறார்கள், அவ்வளவுதானே? எல்லாம் நம்ம பசங்கள்தானே?

மறுநாள் இரண்டு மணிக்கு முதல் ஷிப்ட் விட்டது. அன்றைக்கு எங்கோ ஒரு லாரியைக் கொளுத்திவிட்டார்கள் என்று சேதி வந்து, பட்டப்பகலிலேயே சிலையடியில் கூட்டம் கூடியிருந்தது. நான் கேட்டைத் தாண்டி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். மேற்கேயிருந்து, கோட்டைக்காரரின் முகத்துக்கு நேராக, மாமா நடந்து வந்துகொண்டிருந்தார். தோளில் ஒரு துணிப்பை.

"எந்த ஊருடா? பையில என்ன?"

மாமா வாயைத் திறந்தார். தமிழில்தான் சொன்னார், மாவு, பெண்டாட்டிக்குக் கொண்டு போகிறேன் என்று. இரண்டாவது வார்த்தையிலேயே அந்த வாடை வந்துவிட்டது. முதல் அடியில் பை கிழிந்து ராகி மாவு பறந்தது. பயத்தில் அவர் கன்னடத்துக்குப் போனார், அங்கிருந்து தெலுங்குக்குப் போனார். எந்த மொழியிலும் அவரை விடவில்லை.

நான் ஓடினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. முதலில் நின்றேன். முப்பது அடி தூரம், சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றேன். நம்மாளு என்று சொல்லிச் சட்டையிலிருந்து கையை எடுத்தது மனதில் ஓடியது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மூன்று பேர் அடித்தார்கள், மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். அந்த மூன்று பேரும் என்னோடு குழாயில் தொங்கியவர்கள். என் செக்சன்காரர் கையில் கொடிக்கம்பு இருந்தது. "அவரு எங்க மாமாடா!" என்று நான் கத்திக்கொண்டு விழுந்தபோது அவர் கம்பை நிறுத்தி, "மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று என்னைக் கோபித்துக்கொண்டார். பிறகு அவரே ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

மாமாவின் இடது முழங்கை உடைந்தது. இடது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் நோட்டைப் பிரித்துக்கொண்டு, "அடிச்சது யாரு, அடையாளம் தெரியுமா?" என்று கேட்டார். அக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள்.

"தெரியலைங்க. கூட்டமா இருந்துச்சு" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மூன்று வாரம் கழித்து பஸ் ஓட ஆரம்பித்தது. மாமா வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். முக்கூட்டு ஸ்டாப்பில் மூவரும் நின்றோம். மாமா ஒரு கையால் மஃப்ளரை இழுத்து, கண்ணில் போட்டிருந்த கட்டை மறைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சிலை கிழக்கே நிற்க வேண்டியது, மேற்கே திருப்பினது நான்தான், எல்லாம் என்னால் வந்தது, என்னைச் செருப்பால் அடி என்று அழுதேன். கோட்டைக்காரர் கதையைச் சொல்லிவிட்டால் இன்னொன்றைச் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேனோ என்னவோ.

அக்கா சிலையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"செலை என்னடா பண்ணுச்சு? நிறுத்துன எடத்துல நிக்குது. எங்கூட்டுக்கு வந்தவன் இதக் கண்ணால பாத்ததுகூட இல்ல. மில்ல மூடுன்னு சொன்னவன் பேரு எனக்குத் தெரியும். அங்க போனதும் ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பேன். அப்புறம் தினமும் அவன் மூஞ்சில முழிச்சித்தான் குடும்பம் நடத்தணும், நடத்துவேன். இங்க இவரு கண்ணப் புடுங்குனவன் பேரு ஒனக்குத் தெரியும். தெரியாதுன்னு எம்முன்னாலயே சொன்னே. இப்பச் சொல்லுடா, எனக்கு எந்தப் பக்கம் ஊரு?"

பஸ் வந்தது. மாமாவைக் கைத்தாங்கலாக ஏற்றினாள். பெட்டியை நான் தூக்கப் போனேன், அவளே வாங்கிக்கொண்டாள்.

அவள் சொன்னபடியே எழுதிக் கொடுத்தாள். மில்லைத் திறந்தாள், மாமா ஒற்றைக் கையால் மாவு அள்ள, அவளே பெல்ட் மாட்டி ஓட்டினாள். வீடு, மில், புருஷன் மூன்றும் அவளுக்கு நிலைத்தன, அவளால். எங்கள் அப்பா சாவுக்கு முக்கூட்டை மிதிக்காமல், வேறு வழியாகத் தளி ஊரைச் சுற்றிக்கொண்டு வந்துபோனாள். என் கல்யாணத்துக்கு வரவில்லை.

அந்த மூன்று பேரோடும் நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் வேலை செய்தேன். என் செக்சன்காரர் என் பக்கத்தில்தான் சாப்பிட்டார். அவர் மகள் கல்யாணத்தில் நான் பந்தி பரிமாறினேன். ஒருவர் செத்துப்போனார், பாடையில் தோள் கொடுத்தேன். மற்றவருக்குப் பேரன் பேத்தி எல்லாம் இருக்கிறார்கள், தெருவில் பார்த்தால் நின்று நலம் விசாரிக்கிறார்.

மாமா போய் ஆறு மாதம் ஆகிறது. காரியத்துக்குப் போனபோது அக்கா எனக்கு இலை போட்டாள், சாப்பிடுகிற வரை எதிரே நின்றாள். கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது, "இப்பவாவது சொல்லுவியாடா?" என்று கேட்டாள். இந்த முறை எழுதிவிடுவது என்று முடிவு செய்துதான் பேனாவை எடுத்தேன். நேற்று எழுதி முடித்துவிட்டு, முதலிலிருந்து ஒரு தடவை படித்துப் பார்த்தேன். ஒரு பெயர்கூட இல்லை.